காலையில் நொண்டுகிறாள், மாலையில் ஓடுகிறாள்: பள்ளிக்கு எப்படிப் புரியவைப்பது?

கேள்வி:

வணக்கம்ங்க. நாங்க கோபிச்செட்டிபாளையம் பக்கம். எம்பொண்ணுக்கு ஒம்பது வயசு, நாலாவது படிக்கிறா. எட்டு மாசத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல காட்டினோம்ங்க, குழந்தைகளுக்கு வர்ற மூட்டுவாதம்னு சொன்னாங்க. ரெண்டு முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு, விரல்னு பல மூட்டு வீங்குது. வாரத்துக்கு ஒருக்கா மெத்தோட்ரெக்ஸேட்ங்கற மருந்து, தினம் ரெண்டு வேளை நாப்ராக்சன்ங்கற வலி மருந்து. முன்னைக்கு இப்பப் பரவால்லீங்க. பள்ளிக்கூடத்துலதான் சிக்கல். பிரேயர்ல நிக்க முடியாம உக்காந்தா நடிக்கிறாள்ங்கறாங்க. “சாயங்காலம் கிரவுண்டுல ஓடறதை நானே பாத்தேன்”னு மிஸ் சொல்றாங்க. எழுத லேட்டாகுதுன்னு இன்டர்வெல்ல உக்கார வெச்சு எழுத வெக்கறாங்க. ஹெட்மாஸ்டர், “நல்லாகிற வரைக்கும் வீட்டுலயே வெச்சுக்குங்க”ன்னுட்டாரு. இதை எப்படிங்க எடுத்துச் சொல்றது?

பதில்:

வணக்கம்ங்க. உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி மிஸ் சொன்னதுதான். அவர் பொய் சொல்லவில்லை, உங்கள் மகளும் நடிக்கவில்லை. காலையில் நிற்க முடியாத குழந்தை மாலையில் ஓடுவதுதான் இந்த நோயின் இயல்பு. “காலையில் எழுந்ததும் எவ்வளவு நேரம் இறுக்கம் இருக்கிறது?” என்று மருத்துவர் ஒவ்வொரு முறையும் கேட்பது அதனால்தான். இந்த ஒரு விஷயம் பள்ளிக்குப் புரிந்துவிட்டால் மற்றதையெல்லாம் கேட்டு வாங்குவது எளிது. புரியாத வரைக்கும், ஒரு நாற்காலி கேட்டாலும் பிள்ளைக்குச் செல்லம் கொடுப்பதாகத்தான் அவர்களுக்குத் தோன்றும்.

ஆசிரியரிடம் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். 16 வயதுக்குள் தொடங்கி, 6 வாரத்துக்கு மேல் நீடிக்கிற, வேறு காரணம் எதுவும் கண்டுபிடிக்க முடியாத மூட்டு அழற்சியை ஜே.ஐ.ஏ. என்கிறார்கள். முதல் 6 மாதத்தில் 5 அல்லது அதற்கு மேற்பட்ட மூட்டுகளைப் பிடித்தால் அது பல மூட்டு வகை. உங்கள் மகளுக்கு இருப்பது அதுவாகத்தான் தெரிகிறது. உடலின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது, சவ்வு தடித்து நீர் கோக்கிறது. வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் வேறு, இது வேறு. யாருக்கும் ஒட்டாது. தயிர், தக்காளி சாப்பிட்டதாலும் வந்ததல்ல. அசையாமல் இருக்கும்போது மூட்டு இறுகும், அசைய அசைய இளகும். மார்கழிக் காலையில் உறைந்து கிடக்கும் தேங்காய் எண்ணெய் வெயில் ஏற ஏற இளகுவதைச் சொல்லுங்கள், நம் ஊரில் எந்த ஆசிரியருக்கும் உடனே புரியும். இரவு முழுக்கப் படுத்து எழுந்த காலை நேரம்தான் மிக மோசம். முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுந்தாலும் சிறிது நேரம் நொண்டுவாள்.

வாயால் சொல்வதைவிட செல்போனில் காட்டுவது பலன் தரும். ஒரு நாள் காலை 6.30 மணிக்கு அவள் கட்டிலை விட்டு இறங்கி நடப்பதை அரை நிமிடம் எடுங்கள். அதே நாள் மாலை 5 மணிக்கு அவள் விளையாடுவதையும் அரை நிமிடம் எடுங்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள். எடுக்கும் முன் மகளிடம் கேளுங்கள், ஆசிரியரிடம் உங்கள் போனிலேயே காட்டுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம். வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் அது சுற்ற ஆரம்பித்தால் பிள்ளை அந்தப் பள்ளியில் தலைநிமிர முடியாது. ரத்தப் பரிசோதனை ஃபைலை எடுத்துப் போகாதீர்கள். இந்த நோயில் அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் சரியாக இருக்கும்போதே மூட்டு வீங்கியிருக்கலாம். ‘நார்மல்’ என்று அச்சடித்த தாளைப் பார்த்தால் இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்.

முதலில் வகுப்பு ஆசிரியரைப் பாருங்கள், பிறகு அவரையும் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டரையும் பி.டி. மாஸ்டரையும் பாருங்கள். மிஸ்ஸைத் தாண்டி நேரே மேலே போனால் அது புகாராகிவிடும். காலை கேட் முன்னால் நின்று பேசும் பேச்சு வேண்டாம். பள்ளி விட்ட பிறகு 20 நிமிடம் கேட்டு வாங்குங்கள். “மிஸ், காலையில அவளுக்கு மூட்டு இறுகிக் கெடக்குதுங்க, பத்து பத்தரைக்கு மேல இளகிரும்ங்க. நீங்க சாயங்காலம் பாத்தது நெசந்தான்ங்க. காலையில பாக்கறதும் நெசந்தான்ங்க” என்று தொடங்கினாலே அவர் மனம் இறங்கும்.

கையில் ஒரு பக்கக் கடிதம் இருக்கட்டும். சிகிச்சை பார்க்கும் மருத்துவரின் கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். வகுப்பு ஆசிரியர், ஹெட்மாஸ்டர், பி.டி. மாஸ்டர், வேன் டிரைவர் என நான்கு நகல் எடுங்கள். கிட்டத்தட்ட இப்படி எழுதலாம்:

“எங்கள் மகளுக்கு சிறார் மூட்டுவாதம் (ஜே.ஐ.ஏ.) உள்ளது. தொற்று நோய் அல்ல. காலையிலும், நீண்ட நேரம் உட்கார்ந்து எழும்போதும் மூட்டு இறுகும். மதியத்துக்கு மேல் நன்றாக நடப்பாள். நாளுக்கு நாள் மாறும். வேண்டுவது: காலை வழிபாட்டில் நாற்காலி, இறுக்கம் அதிகமான நாளில் அரை மணி நேரத் தாமதத்துக்கு அனுமதி, தரைத்தளத்தில் வகுப்பு, தரைக்குப் பதில் பெஞ்ச், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க அனுமதி, எழுத கூடுதல் நேரம். உடனே எங்களை அழைக்க வேண்டியவை: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல். வகுப்பில் யாருக்காவது அம்மை. கண் சிவப்பு, வலி அல்லது பார்வை மங்கல். திடீரென நடக்க முடியாமை. எங்களைக் கேட்காமல் எந்த மாத்திரையும் தர வேண்டாம்.”

இதற்கு மேல் எழுதாதீர்கள். மூன்று பக்கக் கடிதம் பீரோவுக்குப் போய்விடும், ஒரு பக்கம் என்றால் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும்.

இனி வகுப்பறைக்கு வருவோம். தரையில் சம்மணம் போட்டு உட்காரும்போது முழங்கால் முழுதாக மடங்குகிறது, கணுக்கால் பக்கவாட்டில் திரும்புகிறது. எழும்போது இரண்டு உள்ளங்கையையும் தரையில் ஊன்றுவாள், முழு எடையும் வீங்கிய மணிக்கட்டில் இறங்கும். மதியச் சாப்பாட்டுக்கும் இதே தரைதான் என்றால் அங்கேயும் பெஞ்ச் வேண்டும். கூடவே ஒரு தோழியும் பெஞ்சில் உட்காரட்டும், தனியாக ஒதுக்கி உட்கார வைத்த மாதிரி இருக்கக் கூடாது. பெஞ்சில் உட்காரும்போது பாதம் தரையில் முழுதாகப் படிய வேண்டும். கால் தொங்கினால் ஒரு மரப்பலகையோ பழைய புத்தகக் கட்டோ கீழே வையுங்கள். முழங்கையை மேசைமேல் வைத்தால் தோள் தூக்காமல் இருக்க வேண்டும், அதுதான் சரியான உயரம்.

நடக்க வைப்பதற்கு நல்ல வழி, வேலை கொடுப்பது. நோட்டுகளை வரிசைக்கு வரிசை கொடுத்து வருவது, வருகைப் பதிவேட்டை ஆபீசில் கொடுத்து வருவது போன்ற வேலைகள். “உனக்கு மூட்டுவலி, எழுந்து நட” என்று எல்லார் முன்னாலும் சொன்னால் எந்தப் பிள்ளையும் எழாது. போர்டு அழிக்கும் வேலை மட்டும் இப்போதைக்கு வேண்டாம், மணிக்கட்டு அழுந்தும்.

எழுத்தில்தான் ஆசிரியர்கள் அதிகம் தவறாக எடைபோடுகிறார்கள். அவள் பென்சில் பிடிப்பதைப் பக்கத்தில் இருந்து பாருங்கள். விரல் மூட்டு வீங்கியிருந்தால் கட்டைவிரலை உள்ளே மடக்கி, பென்சிலை அமுக்கிப் பிடிப்பாள். முதல் ஐந்து வரி ஒழுங்காக வரும், பத்தாவது வரியில் எழுத்து பெரிதாகிக் கோடு தாண்டும். அதைச் சோம்பல் என்று நினைத்துத் திரும்ப எழுதச் சொல்வார்கள், அப்போது இன்னும் மோசமாகும். பென்சிலைத் தடிமனாக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. திருப்பூர்ப் பக்கமிருந்து வரும் பனியன் வேஸ்ட் துணியில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை கிழித்து, பென்சில் ஒன்றரை சென்டிமீட்டர் தடிமன் வரும்வரை சுற்றி டேப் ஒட்டுங்கள். சாதா பென்சிலுக்குப் பதில் 2பி வாங்கிக் கொடுங்கள், அழுத்தாமலே கறுப்பாக எழுதும். நோட்டுக்கு அடியில் முதுகு தடித்த ஆபீஸ் ஃபைல் ஒன்றைப் படுக்க வைத்தால் சரிவு கிடைக்கும், மணிக்கட்டு மடங்குவது குறையும். பிசியோ ஸ்பிளின்ட் (மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கும் பட்டை) கொடுத்திருந்தால், “இது எழுதும்போது போடுவது, கழற்றச் சொல்ல வேண்டாம்” என்று மிஸ்ஸிடம் சொல்லி வையுங்கள்.

பத்துப் பதினைந்து நிமிடம் எழுதினால் இரண்டு நிமிடம் கைக்கு ஓய்வு. கணக்கு பத்து கொடுத்தால் இவளுக்கு ஐந்து போதும், ஐந்தும் சரியென்றால் தெரிந்திருக்கிறது என்றுதானே பொருள். போர்டில் இருப்பதை முழுக்கக் காப்பி எடுக்காமல் பக்கத்துத் தோழியின் நோட்டை நகல் எடுத்து ஒட்டலாம். இன்டர்வெல்லில் உட்கார வைத்து எழுத வைப்பது உடனே நிற்க வேண்டும். அந்தப் பத்து நிமிடம் நடப்பதுதான் அடுத்த வகுப்புக்கு அவள் மூட்டை இளக வைக்கிறது. தேர்வில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கேளுங்கள். நாலாம் வகுப்புத் தேர்வு பள்ளிக்குள் நடப்பது, ஆசிரியர் மனது வைத்தாலே போதும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் வரும், பனி இறங்கும் காலை, மூட்டு மிகவும் இறுகும் நேரம். அந்தச் சமயத்தில் மட்டுமாவது ஒரு மணி நேரம் தள்ளி எழுத முடியுமா என்று நவம்பரிலேயே பேசி வையுங்கள்.

கழிவறையைப் பற்றிப் பள்ளியில் யாரும் கேட்க மாட்டார்கள், குழந்தையும் சொல்லாது. குத்த வைத்து உட்கார முழங்காலும் கணுக்காலும் முழுதாக மடங்க வேண்டும். முடியாத பிள்ளை என்ன செய்யும் தெரியுமா? தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடும். சாயங்காலம் வாட்டர் பாட்டிலைப் பாருங்கள், கொடுத்தனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் அதுதான் காரணமாக இருக்கும். சிறுநீர்த் தொற்றும் மலச்சிக்கலும் வரும். நாப்ராக்சன் சாப்பிடும் பிள்ளை தண்ணீர் குறைத்தால் சிறுநீரகத்துக்கும் கெடுதல். வெஸ்டர்ன் கழிவறை இருந்தால் ஆசிரியர்களுடையதாக இருந்தாலும் பயன்படுத்த அனுமதி கேளுங்கள். இல்லையென்றால் சர்ஜிக்கல் கடைகளில் நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி கிடைக்கும், இருக்கும் பேசின் மேல் போட்டுக்கொள்ளலாம். சுவரில் ஒரு கைப்பிடியும் அடித்தால் நல்லது. பாட்டில் மூடி திருகு மூடியாக இல்லாமல் தள்ளினால் திறப்பதாக இருக்கட்டும், டிபன் பாக்ஸும் அப்படியே. ஆயாவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் நீங்கள் இல்லாத நேரத்தில் அவர்தான் துணை.

பை குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று 2020-ல் வந்த மத்திய அரசின் பள்ளிப் பைக் கொள்கையே சொல்கிறது. 25 கிலோ குழந்தைக்கு இரண்டரை கிலோ. இவளுக்கு இன்னும் குறையட்டும். பாடப் புத்தகம் இரண்டு செட் வாங்கி ஒன்றை வகுப்பிலேயே விட்டுவிடுங்கள்.

பி.டி. பீரியடில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, எல்லாரோடும் ஓடச் சொல்வது. இன்னொன்று, பைகளுக்குக் காவலாக மர நிழலில் உட்கார வைப்பது. இரண்டாவதும் கெடுதல்தான், அசையாத மூட்டைச் சுற்றித் தசை மெலியும். மூட்டு சூடாக, வீங்கி இருக்கும் நாளில் ஓட்டம், குதித்தல், கோ-கோ, கபடி வேண்டாம். நடக்கலாம், பந்து எறியலாம், ஸ்கோர் எழுதலாம். வீக்கம் அடங்கிய நாளில் எல்லாமே விளையாடலாம், எப்போது நிறுத்துவது என்பதை அவளே முடிவு செய்யட்டும். விளையாடி முடித்த பிறகு வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றாலோ, மறுநாள் காலை இறுக்கம் வழக்கத்தைவிடக் கூடினாலோ அடுத்த முறை பாதியாகக் குறைக்க வேண்டும். பி.டி. மாஸ்டருக்கு இந்த ஒரு கணக்கு போதும். யோகா வகுப்பில் வஜ்ராசனம், பத்மாசனம் போன்றவற்றில் முழங்காலை அமுக்கி மடக்கக் கூடாது. கழுத்து எலும்பையும் நோய் பிடித்திருக்கிறதா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பிடித்திருந்தால் குட்டிக்கரணம், சிரசாசனம், ஹலாசனம் கூடவே கூடாது.

முட்டி போட வைப்பது, தோப்புக்கரணம், வெயிலில் நிற்க வைப்பது, ஒரே வரியை நூறு தடவை எழுதச் சொல்வது இவையெல்லாம் இந்தப் பிள்ளைக்குக் காயம். உடல் தண்டனை எந்தப் பிள்ளைக்கும் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே தடுத்திருக்கிறது. தயங்காமல் சொல்லுங்கள்.

காலை வேளையை வீட்டிலிருந்தே சரிசெய்யலாம். வேன் வருவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்னால் எழுப்புங்கள். எழுந்ததும் பாலும் ஒரு இட்லியும் கொடுத்து அதன்மேல் நாப்ராக்சன். வெறும் வயிற்றில் வேண்டாம், கிளம்பும் நேரத்தில் அவசரமாகவும் வேண்டாம், மருந்து வேலை செய்ய நேரம் பிடிக்கும். பிறகு பத்து நிமிடம் வெந்நீர்க் குளியல், அந்தச் சூட்டிலேயே பிசியோ சொல்லிக் கொடுத்த பயிற்சி. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறைதான். தவறித் தினமும் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து, அதனால் பள்ளிக்குக் கொடுத்தனுப்பவே கூடாது. மறுநாள் குமட்டல் இருந்தால் சனிக்கிழமை இரவுக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், ஞாயிறோடு போய்விடும். மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடும்போது கோ-ட்ரைமாக்சசோல் என்கிற ஆன்டிபயாடிக் ஆகாது, எந்தக் கிளினிக் போனாலும் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுவதை முதலில் சொல்லிவிடுங்கள். மருத்துவரைக் கேட்காமல் நாப்ராக்சனோடு வேறு வலி மாத்திரையும் சேரக் கூடாது.

அம்மை விஷயத்தில் நம் பக்கம் தனிக் கவனம் தேவை. வீட்டில் யாருக்காவது அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டு, பேரைச் சொல்லாமல் பிள்ளைக்கு லீவு மட்டும் சொல்லி அனுப்புவார்கள். எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்தில் இருக்கும் உங்கள் மகளுக்குச் சின்னம்மை கடுமையாக வரலாம். அம்மை கண்ட பிள்ளையோடு ஒரே வகுப்பில் இருந்தாள் என்று தெரிந்த அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும். தடுப்பு மருந்து கொடுக்க நாள் கணக்கு உண்டு, கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. மிஸ்ஸிடம், “யாருக்குன்னு பேர் வேண்டாம்ங்க, வகுப்புல அம்மைன்னு தெரிஞ்சா எனக்கு ஒரு போன் மட்டும் பண்ணிருங்க” என்று கேளுங்கள். பள்ளியில் தடுப்பூசி முகாம் நடந்தால், 10 வயதில் போடும் டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை, அதனால் பிரச்சினையில்லை. தட்டம்மை–ரூபெல்லா ஊசி உயிருள்ள கிருமியில் செய்தது, மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

கண்ணையும் மறக்க வேண்டாம். இந்த நோயில் கண்ணுக்குள் வரும் அழற்சி பெரும்பாலும் சிவப்பும் வலியும் இல்லாமல் வரும். பள்ளி முகாமில் எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பது அதைக் காட்டாது, கண்ணுக்குள் ஒளி பாய்ச்சிப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் பரிசோதனைதான் வேண்டும். கண் மருத்துவர் சொல்லும் இடைவெளியில், பலருக்கு 3 மாதத்துக்கு ஒருமுறை, கோவை போய் வர ஒரு நாள் போய்விடும். அந்த விடுப்புகளின் தேதியை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வகுப்புப் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்பதை உங்கள் மகளிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். “அவளுக்கு மூட்டுல வீக்கம் வரும், ஒட்டாது, காலையில மெதுவா நடப்பா” என்று மிஸ் இரண்டு வரி சொன்னால் போதும். ஸ்டீராய்டு ஆரம்பித்து முகம் உப்பினால் கேலி வரும், அப்போது மிஸ் முன்பே தெரிந்து வைத்திருப்பது உதவும். அவளாக “வலிக்கல மிஸ்” என்று சொன்னாலும் நம்பிவிட வேண்டாம், வலிக்குப் பழகிய பிள்ளைகள் அப்படித்தான் சொல்வார்கள். டம்ளரை இரண்டு கையால் பிடிக்கிறாளா, படியில் சுவரைப் பிடிக்கிறாளா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

‘நல்லாகிற வரை வீட்டில்’ என்பதற்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். இது பத்து நாளில் போகிற காய்ச்சல் அல்ல. மருந்தில் அடங்கியும் இருக்கலாம், மறுபடி கிளம்பவும் செய்யலாம், பல பிள்ளைகளுக்கு ஆண்டுக் கணக்கில் போகும். பேசியும் இறங்கி வராவிட்டால் சட்டம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஜே.ஐ.ஏ. என்ற பெயர் அதில் தனியாக இல்லை, ஆனால் மூட்டு அசைவு நிரந்தரமாகக் குறைந்திருந்தால் கை கால் இயக்கக் குறைபாட்டின் கீழ் மதிப்பிடலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் பல சலுகைகள் உண்டு. விண்ணப்பத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரைப் பாருங்கள். எழுத உதவியாளர் கேட்க 40 சதவீதம் கட்டாயமல்ல என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, 2022-ல் மத்திய அரசும் அதற்கான வழிமுறை வெளியிட்டது. பத்தாம் வகுப்பு வரும்போது இது உதவும். அரசுப் பள்ளியாக இருந்தால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியரும் பிசியோதெரபிஸ்டும் உண்டு, ஹெட்மாஸ்டர் மூலம் கேட்டால் பள்ளிக்கே வந்து பார்ப்பார்கள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளி மாற வேண்டியிருந்தால், சேர்க்கைக்கு முன்பு ஒருமுறை போய் மூன்று விஷயம் பாருங்கள்: ஆறாம் வகுப்பு எந்த மாடியில், கழிவறை எப்படி, பஸ் நிறுத்தத்திலிருந்து எவ்வளவு நடை. மே மாதத்திலேயே கேட்டால் வகுப்பைக் கீழே மாற்றித் தருவது அவர்களுக்குச் சிரமமில்லை. ஜூனில் பட்டியல் போட்ட பிறகு கேட்டால் நாற்பது பிள்ளைகளை இடம் மாற்ற வேண்டிவரும்.